முஜீப் பாயின் பின்சீட்டில் ஏறி வந்தது

கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் முஜீப் பாயை வெள்ளைக்காரப் பேய் ஒன்று பிடித்திருக்கிறது என்று முதலில் சொன்னது யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வெல்டிங்காரர் ஒருவர் பன் வாங்க வந்தபோது சொன்னார் என்கிறார் பேக்கரியில் டீ ஆற்றுகிறவர். டீ ஆற்றுகிறவர்தான் சொன்னார் என்கிறார் வெல்டிங்காரர். மற்ற விவரங்களில் யாருக்கும் சந்தேகமில்லை. பாய் மோட்டார் சைக்கிளில் நாகாலாந்து வரைக்கும் போனார். அங்கே இரண்டாம் உலகச் சண்டையில் செத்த சிப்பாய்களின் கல்லறைத் தோட்டத்துக்குள் தெரியாமல் நுழைந்தார். திரும்பும்போது புல்லட்டின் பின்சீட்டில் ஒன்று ஏறிக்கொண்டது. மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரை டிக்கெட் இல்லாமல் கடந்து வந்து கணபதியில் இறங்கியிருக்கிறது.

"இங்கிலீஷ்ல பேசுதாமா?"

"பேசுதுங்க. பாய்க்குத்தான் புரியறதில்ல. அதுதான் பிரச்சினையே."

வியாழக்கிழமை வரைக்கும் பேய்க்குத் தொப்பி மட்டும்தான் இருந்தது. சனிக்கிழமை கையில் துப்பாக்கி வந்துவிட்டது. திங்கட்கிழமை அதற்கு ஒரு கால் இல்லாமல் போயிற்று. பட்டறை பத்து நாளாக ஓடவில்லை என்பது மட்டும் மாறாமல் இருந்தது. இந்த ஊரில் ஒரு லேத் ஓடாமல் நிற்பதற்கு ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் கையில் ஆர்டரை வைத்துக்கொண்டு ஒருவர் ஓட்டாமல் உட்கார்ந்திருந்தால், அது பேய்தான் என்று பேக்கரியில் எல்லோரும் ஏகமனதாக முடிவு செய்திருந்தார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் விசாரித்துப் பார்க்கலாம் என்று போனேன்.

கண்ணால் பார்த்த சாட்சி என்று ஊர் கைகாட்டியது ராமாமணியை. பட்டறைக்கு அடுத்த ஷெட்டில் பர் எடுக்கிறவர். லேத்தில் கடைந்த பீஸின் ஓரத்தில் பிளேடு மாதிரி ஒரு பிசிறு நிற்கும்; அதை அரத்தால் தேய்த்து எடுப்பதுதான் பர் எடுப்பது. விரல் நுனியெல்லாம் கீறல். பேச்சு மட்டும் கீறல் இல்லாமல் வந்தது.

"நான் பேய்னு சொல்லவே இல்லீங்க. பார்த்ததைச் சொன்னேன். அவ்வளவுதான். காலைல பத்து மணி இருக்கும். பர் எடுக்க பீஸ் வாங்கிட்டு வரலாம்னு போனேன். கதவு பாதி சாத்திக் கெடந்துது. எட்டிப் பார்த்தா, மனுசன் பீஸையெல்லாம் தரையில வரிசை வரிசையா நிக்க வெச்சுப்போட்டு, நடுவால நடந்துட்டு இருக்காருங்க. செருப்பக் கழட்டிப்போட்டு. வாயி மட்டும் அசையுது. 'ஏனுங் பாய்'னேன். திரும்பிப் பார்த்தாரு. என்னையப் பார்க்கலீங்க. எனக்குப் பின்னால யாரோ நிக்கறாப்புல பார்த்தாரு."

"யாரு நின்னாங்க?"

"திரும்பிப் பார்க்கற தைரியம் எனக்கு இருந்தா நான் ஏனுங்க இங்க பர் எடுத்துட்டு ஒக்காந்திருக்கேன்?"

பட்டறையில் முஜீப் பாய் இருந்தார். ஐம்பத்தொரு வயது. ஆள் ஒல்லி. சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாக ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேல். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ சொல்லட்டுமா என்றார். பேய் பிடித்தவர்கள் இவ்வளவு மரியாதையாக இருந்து நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் தரையில் இன்னும் அந்தப் பீஸ்கள் நின்றுகொண்டிருந்தன. நானூறு. பத்துப் பத்தாக, நாற்பது வரிசை. லேத்துக்குப் போக வேண்டுமானால் அவற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் தாண்டுவதில்லை. சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போனார். போய் லேத் மேல் கையை வைத்துவிட்டு, அதே வழியில் திரும்பி வந்தார்.

பாயின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிறந்தது கோட்டைமேடு. அப்பா உக்கடத்தில் பழைய இரும்பு வியாபாரம். பதினைந்து வயதில் கணபதிக்கு லேத் பழக வந்தார். முப்பத்திரண்டில் சொந்தமாக ஷெட் போட்டார். இரண்டு லேத் உண்டு. ஒன்று ஓடும், இன்னொன்று ஓடுகிற லேத்துக்கு உதிரி பாகம் தந்து உதவும். வீட்டில் மனைவி சித்திகா, கல்லூரிக்குப் போகிற மகள் இஃப்ரா. நோன்பு, தொழுகை, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, மாமனார் ஊருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை. இதில் பேய்க்கு இடமே இல்லை.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு அது விசித்திரமாக இருக்கும். வேலை கொடுக்கிறவருக்குப் பெயர் பார்ட்டி. பார்ட்டி ஒரு டிராயிங் தருவார். அதில் அளவு இருக்கும், மேலே ஒரு நம்பர் இருக்கும். அது என்ன சாமான், எந்த மெஷினுக்குள் போகிறது, யார் வாங்குகிறார்கள் என்பது இருக்காது. கேட்கவும் கூடாது. கேட்டால் பார்ட்டியைத் தாண்டி நேராக அவருடைய பார்ட்டியிடம் போய் ஆர்டர் பிடிக்கப் பார்க்கிறான் என்று அர்த்தம். அதனால் கணபதியில் தாத்தா காலத்திலிருந்து யாரும் யாரையும் எதற்கு என்று கேட்டதில்லை. நகரம் முழுக்க எதையோ செய்துகொண்டே இருக்கிறது; எதை என்று தெரியாது. முப்பத்தாறு வருஷத்தில் பாய் தான் செய்த பொருளை நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை. கொடுமுடியில் ஒரு கல்யாண மண்டபம். கை கழுவப் போன இடத்தில் பெரிய கிரைண்டர் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதன் நடுத்தண்டைப் பார்த்ததும் கையைத் துடைக்காமலே ஓடிப்போய் சித்திகாவைக் கூட்டி வந்து காட்டினார். அந்த அம்மா மரியாதைக்காகத் தண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

இந்தத் தடவை ஆர்டர் தந்தது சென்னகேசவன். பெரிய பார்ட்டி. பதினெட்டு வருஷப் பழக்கம். நாலாயிரம் பீஸ். கட்டைவிரல் உயரம். நடுவே ஓட்டை, அடியில் மரை, மேலே கூம்பு. இதில் மூன்று புது நிபந்தனைகள். போனில் படம் எடுக்கக் கூடாது. டிராயிங்கை வெளியே கொடுக்கக் கூடாது. அளவு தப்பிக் கழித்துப் போட்ட பீஸையும் பொறுக்கித் திருப்பித் தர வேண்டும். பாய்க்கு அப்போது இது கௌரவமாகத்தான் இருந்தது. குப்பையைக்கூடத் திருப்பிக் கேட்கிறார்கள் என்றால் எவ்வளவு உயர்ந்த சாமான் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். முதல் நானூறை முடித்து வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

அந்தப் பயணத்தைப் பற்றி வேலனிடம்தான் கேட்க வேண்டும். வேலன் இரண்டு தெரு தள்ளி கரண்ட் மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டுகிறவர். சொந்த ஊர் கிணத்துக்கடவு பக்கம். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் தோப்பில் தேங்காய் பொறுக்கினவர்கள். வேலன் கரண்ட் வேலையைக் கற்றுக்கொண்டு வெளியே வந்தார்.

"பத்துப் பேரு பேசினமுங்க. பத்துப் பேரும் பட்டறைக்காரங்க. டி-சர்ட்டெல்லாம் அடிச்சாச்சு. கெளம்பற அன்னைக்கு விடியால அஞ்சு மணிக்குப் போய் நின்னா, நானும் பாயுந்தான். மத்தவனெல்லாம் போன எடுக்கவே இல்ல. நாகாலாந்துல கோஹிமா போலாம்னு சொன்னவனே வரலீங்க. டி-சர்ட்ட மட்டும் வாங்கிட்டான்."

"அப்புறம் ஏன் போனீங்க?"

"சொல்லிப்போட்டமேங்க."

ஆளுக்கொரு வண்டி. ஆந்திராவில் வெயில், ஒடிசாவில் முதுகு வலி, வங்காளத்தில் மீன். வேலன் சொல்லிக்கொண்டே போனார். எந்தச் செக்போஸ்ட்டில் யாரை நிறுத்தினார்கள் என்ற இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்தினார். வேலனின் லைசென்ஸை ஒருவர் வாங்கிப் பார்த்துக் கொடுத்துவிடுவார். பாயின் லைசென்ஸ் உள்ளே போகும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர் அதோடு வெளியே வந்து பாயின் முகத்தைப் பார்ப்பார். ஏழு தடவை. எட்டாவது செக்போஸ்ட்டில் நிறுத்தாமல் விட்டபோது, பாயே நின்று நீட்டினாராம்.

"கோஹிமாவுல ஊருக்கு நடுவால, சரியான டிராபிக்குங்க. என்ற கிளட்ச் ஒயரு அந்து போச்சு. ஓரமா தள்ளி நிறுத்தி மாத்திட்டு இருந்தேன். பாய் மேல ஏறிப் போனாரு. அரை மணி ஆச்சு, முக்கா மணி ஆச்சு, ஆளக் காணோம். எட்டிப் பார்த்தா சுடுகாட்டுக்குள்ள நிக்கறாரு. சுடுகாடுன்னா சுடுகாடாட்டங்களா அது? ஊட்டி பார்க்காட்டம் இருக்குது. எங்க ஆளுக செத்தா தூக்கிட்டுப் போக ஒரு பாதை குடுங்கன்னு பத்து வருசமா மனுக் குடுக்கறோம். அங்க என்னடான்னா செத்தவனுக்குப் படி கட்டி, பூச்செடி வெச்சு, ஆளுக்கொரு வெண்கலத் தகடு. நான் நல்லாப் பார்த்துட்டு வந்தனுங்க. எனக்கு ஒண்ணும் ஆகல. பாய்தான் அங்கிருந்து வங்காளம் வர்ற வரைக்கும் வாயே தொறக்கல. ஒரு பெட்ரோல் பங்க்ல நின்னப்ப மட்டும் கேட்டாரு. 'வேலா, அந்தக் கூம்பு பீஸு என்னவா இருக்கும்?'னு. நாசில்லா இருக்கும் பாய், மருந்தடிக்கற மெஷினுக்குன்னேன். 'மருந்தடிக்கற மெஷினுக்கு எதுக்குப்பா கழிச்ச பீஸத் திருப்பிக் கேக்கறாங்க'ன்னாரு."

பாயிடம் மறுபடி போனேன். பேச ஆள் கிடைத்தால் போதும் என்ற நிலையில் இருந்தார். ஆனால் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். பகல் பன்னிரண்டு மணி.

"மத்தியான லுஹர் தொழுகற நேரமுங்க. சுத்தமா ஒரு எடம் வேணும்னு தேடினேன். ரோட்டுக்கு மேலாப்புல புல்லு வெட்டி, பூ வெச்சு, மேடை மேடையா ஏறுது. பார்க்குன்னு நெனச்சுட்டேன். ஏறிப் போயி துண்ட விரிச்சுப்போட்டேன். கிப்லா, தொழுகற திசை, எந்தப் பக்கம்னு போன்ல பார்த்துட்டு நிமிந்தா, நேர் முன்னால ஒரு தகடு. பித்தளையில்லீங்க, வெண்கலம். நல்ல வார்ப்பு. அப்பத்தான் இது கபர், செத்தவங்களப் பொதைச்ச எடம்னு தெரிஞ்சுது. கபரப் பார்த்துத் தொழக்கூடாதுங்க. துண்டச் சுருட்டிட்டேன். எறங்கியிருக்கணும். எறங்கல. தகட்டத் தொட்டுப் பார்த்தேன். கை சும்மா இருக்காதில்லீங்க."

"என்ன எழுதியிருந்துது?"

"முதல்ல நம்பருங்க. பேருக்கு மேல நம்பரு. அப்புறம் என்ன வேலை, அப்புறம் பேரு, அப்புறம் தேதி, கடைசில வயசு. நம்ம டிராயிங்ல இருக்கறாப்புலயே. இருபது. இருபத்திரண்டு. பத்தொம்போது. என்ற புள்ளைக்குப் பத்தொம்போதுங்க. பேரே இல்லாத தகடும் இருக்குது. ரெண்டு தகட்டுக்கு நடுவால சாண் போட்டுப் பார்த்தேன். அடுத்ததையும் போட்டேன். ஒரு நூல் வித்தியாசமில்ல. அத்தனை பேருல ஒண்ணு கோணலா இல்லீங்க."

ஸ்கேலை எடுத்து நகத்தைச் சுரண்டினார்.

"செத்தவங்களப் பார்த்து நான் பயப்படலீங்க. வேலை சுத்தமா இருந்துது. அதைப் பார்த்துத்தான் பயம் வந்துது. யாரோ ஒருத்தன் பொறுப்பா செஞ்சிருக்கான். அப்ப இவங்களக் கொன்ன சாமானையும் ஒருத்தன் இப்படித்தான பொறுப்பாக் கடைஞ்சிருப்பான்? வெர்னியர் வெச்சு அளந்து பார்த்து, நூல் தப்பினதக் கழிச்சுப் போட்டு. அவனுக்கும் டிராயிங்தான குடுத்திருப்பாங்க. அவனும் நல்ல மனுசனா இருந்திருப்பான். சாயந்திரம் ஊட்டுக்குப் பன் வாங்கிட்டுப் போயிருப்பான்."

ஊருக்குத் திரும்பிய மறுநாள், வழக்கம் போல பீஸ்களை எண்ணிச் சரிபார்க்கத் தரையில் நிறுத்தினார். எண்ணுவதற்கு அவர் அப்படித்தான் செய்வார். பத்துப் பத்தாக நிறுத்தி நடுவில் நடந்து போனால் கூம்பு நசுங்கினது, கோணல் எல்லாம் கண்ணில் பட்டுவிடும். முப்பத்தாறு வருஷமாக அப்படித்தான். ஏழாவது வரிசையில் நின்றுவிட்டார். குனிந்து ஒன்றை எடுக்கப் போனவர், அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுமே என்று எடுக்காமல் விட்டார். செருப்பைக் கழற்றினார். ராமாமணி பார்த்தது இதைத்தான். வாய் அசைந்தது எண்ணிக்கையால்.

ஆகப் பேய் இல்லை. இருந்திருந்தால் தேவலை. அதற்கு ஓத ஆள் இருக்கிறார்கள், கட்டக் கயிறு இருக்கிறது. பாய்க்கு வேண்டியது ஒரு பதில். இந்தக் கூம்பு எங்கே போகிறது? மருந்தடிக்கிற மெஷினுக்கு என்றால் இன்றைக்கே மெஷினைப் போட்டுவிடுவார். ஆளைக் கொல்கிற சாமானுக்கு என்றால் ஆர்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். கேட்க வேண்டியது சென்னகேசவனை. ஒரு போன் போதும். பத்து நாளாகப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

அந்த நேரம் சாப்பாட்டுக் கேரியரோடு சித்திகா உள்ளே வந்தார். புதிதாக ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, கேரியரை வைத்த வேகத்திலேயே விஷயத்துக்கு வந்தார்.

"ஏனுங்க, இவருகிட்டயும் சொல்லியாச்சா?"

"பேசிட்டுத்தான் இருந்தோம் சித்திகா."

"பேசுங்க. ஊரு பூரா பேசுங்க. பேய் புடிச்சிருக்குன்னே பேசட்டும், அது எனக்குச் சம்மதமுங்க. பேய் புடிச்சவனை யாரும் வந்து கூட்டிட்டுப் போக மாட்டாங்க." என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க. ராமாமணியக்கா போயி 'இது குண்டுல போடறதுங்களா'ன்னு கேட்டா, அம்மணிக்கு வேற சோலி இல்லன்னு சிரிப்பாங்க. இவரு கேட்டா சிரிப்பாங்களா?"

சித்திகாவின் அண்ணன் ரசாக் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்தவர். தொண்ணூற்றெட்டில் ஊரில் குண்டு வெடித்த பிறகு, கடிகாரம் தெரிந்தவர் என்பதால் ரசாக்கையும் விசாரிக்கக் கூட்டிப்போனார்கள். பதினோரு நாள் கழித்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். உண்மையிலேயே ஒன்றுமில்லை. ரசாக் திரும்பி வந்து கடையைக் காலி செய்தார். இப்போது குடை விற்கிறார். யாராவது மணி கேட்டால் தெரியாது என்பார்.

"நான் கேக்கலைன்னா," என்றார் பாய், "எனக்குத் தெரியாமயே..."

"உங்களுக்குத் தெரியாமத்தான் முப்பத்தாறு வருசமா செஞ்சீங்க. இன்னும் மூவாயிரத்து அறுநூறு. கண்ண மூடிட்டுச் செஞ்சுபோடுங்க."

"கண்ண மூடினாத்தான் வரிசையாத் தெரியுது சித்திகா."

அந்த அம்மா கேரியரைத் திறந்து தட்டு வைத்தார். பீஸ்களின் பக்கம் பார்க்காமல் உட்கார இடம் தேடினார். கிடைக்கவில்லை. கதவோரமாக நின்றுகொண்டே பரிமாறினார்.

என்னால் ஆனதை நானும் செய்தேன். பாய் அனுமதியோடு அந்தப் பீஸின் அமைப்பை வாயால் சொல்லி, தொழிலில் நாள்பட்ட மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவர் மருந்து தெளிக்கும் நாசில் என்றார். ஒருவர் கிரீஸ் அடிக்கும் வாய் என்றார். மூன்றாமவர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தி, யார் பட்டறை என்று கேட்டார். நான் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அவரே எனக்குப் போன் செய்து, நாம் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை, சரிங்களா என்றார்.

செவ்வாய்க்கிழமை சென்னகேசவன் வந்தார். வேலனும் இருந்தார், நானும் இருந்தேன். வெள்ளைச் சட்டை, நெற்றியில் ஒற்றை நாமம், கையில் கார் சாவி. உள்ளே வந்தவர் தரையில் நின்றிருந்த நாற்பது வரிசையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

"ஆஹா. பாய், இந்த மாதிரி அடுக்கி வெக்க இந்த ஊர்ல ஆளில்லைங்க. மீதி எங்க?"

"கொஞ்சம் லேட்டாயிருச்சுங்க சார்."

"என்னங்க லேட்டு? உடம்புக்கு ஏதாவது? ஏதோ பேய் கீய்னு பேக்கரில சொல்றாங்க. எங்க குலதெய்வம் கோயில்ல ஒரு கயிறு..."

"உடம்பெல்லாம் நல்லாருக்குங்க."

பாய் பீஸ்களைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார். கேட்கப் போகிறார் என்று எனக்கும் வேலனுக்கும் தெரிந்தது. அப்போதுதான் வேலன் முந்திக்கொண்டார். திட்டம் போட்டதாகத் தெரியவில்லை. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தவர், அதே வாக்கில், "ஏனுங் சார், இது எந்த மெஷினுக்குங்க போகுது?" என்றார்.

சென்னகேசவன் அவரைப் பார்க்கவே இல்லை. முதலில் பாயைப் பார்த்தார். அப்புறம் என்னை. மறுபடி பாயை.

"எதுக்குங்க பாய் கேக்கறீங்க?"

"நானுங்க சார் கேட்டது," என்றார் வேலன்.

"இல்ல, பாய் எதுக்குக் கேக்கறாரு?"

"சும்மாத்தானுங்க," என்றார் பாய்.

"எனக்கே தெரியாதுங்க. சத்தியமா. எனக்கு ஒரு பார்ட்டி தர்றாரு, அவருக்கு பெங்களூருல ஒருத்தர் தர்றாரு. அவருக்கு யாரு தர்றாங்கன்னு நான் கேட்டதில்ல. பதினெட்டு வருசமா நீங்களும் கேட்டதில்ல. எதுவா இருந்தா என்னங்க, நல்ல காரியத்துக்குத்தான் போகும்." சாவியைச் சுற்றினார். நிறுத்தினார். "ஒரு நிமிசம் இருங்க."

வெளியே போய் போன் பேசினார். கதவு வழியாக அவருடைய முதுகு தெரிந்தது. என்ன பேசினார் என்பது ராமாமணியின் அரச் சத்தத்தில் காதில் விழவில்லை. ராமாமணி அன்றைக்கு என்று பார்த்து வெகு சுறுசுறுப்பாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம் இருக்கும். பாய் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய கை எண்ணெய்ச் சுவரில் பட்டு, விரல்கள் ஐந்தும் தனித்தனியாகப் பதிந்தன.

சென்னகேசவன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"ஒண்ணுமில்லைங்க பாய். மாசக் கடைசிக்குள்ள முடிச்சுக் குடுங்க. அப்புறம், ஒரு ஆதார் காப்பி இருந்தாக் குடுங்க. பார்ட்டி பைல்ல வேணுமாம்."

பதினெட்டு வருஷமாகக் கேட்காத ஆதார். பாய் மேஜை டிராயரைத் திறந்தார். இந்த ஊரில் பாய்மார்கள் பலர் அதில் நாலைந்து காப்பி எடுத்துத் தயாராக வைத்திருப்பார்கள். ஒன்றை எடுத்து, மடிக்காமல், இரண்டு கையாலும் நீட்டினார்.

வேலன் எழுந்தார். "என்னுதும் வேணுங்களா சார்? ஓடிப்போயி எடுத்துட்டு வாரேன். கேட்டது நான்தானுங்க."

"உன்னுது எதுக்குப்பா," என்றார் சென்னகேசவன்.

கார் கிளம்பிப் போன சத்தம் அடங்கியது. அப்புறம் பாய் நேராக லேத்துக்குப் போனார். சுற்றிப் போகவில்லை. வரிசைகளுக்கு நடுவே, மிதிக்காமல், ஒவ்வொரு அடியாக வைத்துப் போய் மெஷினைப் போட்டார்.

"நிறுத்திருங்க பாய், வேண்டாம்னு சொல்லிப்போடுங்க," என்றார் வேலன். "நான் வேணா வந்து சொல்றேன்."

"இனி நிறுத்த முடியாது வேலா. கேக்காம நிறுத்தியிருந்தா சோம்பேறிப் பயலுன்னு போயிருக்கும். கேட்டுப்போட்டு நிறுத்தினா, ஏன் நிறுத்தினேன்னு கேப்பாங்க. கபரப் பார்த்துட்டு வந்தேன்னு சொல்லட்டுமா? யாரோட கபர்னு கேப்பாங்க. அங்க எதுக்குப் போனேன்னு கேப்பாங்க. யாரு அனுப்புனாங்கன்னு கேப்பாங்க." ராடை மாட்டினார். "அதுக்கு இதச் செஞ்சு குடுத்துரலாம்."

மாசக் கடைசிக்குள் நாலாயிரமும் போய்ச் சேர்ந்தது. கழித்த பீஸ் ஒன்றுகூட இல்லை. பேய் போய்விட்டது என்று பேக்கரி அறிவித்துவிட்டது. ஓட்டியது தான்தான் என்று இரண்டு பேர் உரிமை கோருகிறார்கள். ஒருவர் எலுமிச்சம்பழம் வைத்தாராம், இன்னொருவர் வைக்கச் சொன்னாராம். அதற்கு முன்பே ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன்னால் ஆதார் சம்பந்தமாக யாரோ இரண்டு பேர் கோட்டைமேட்டு வீட்டுக்கு வந்து பெயர் கேட்டுவிட்டுப் போனதாகச் சித்திகா சொன்னார். விசாரித்ததில் அவர்கள் சமையல் கேஸ் ஏஜென்சிக்காரர்கள். சித்திகா நம்பவில்லை. அவர் நம்ப வேண்டும் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

பாய் இப்போது பீஸ்களை நிறுத்தி எண்ணுவதில்லை. கடைந்ததைத் தகர டப்பாவில் அப்படியே கொட்டி, தராசில் போட்டு எடைக் கணக்கில் கொடுத்துவிடுகிறார். தரை காலியாகக் கிடக்கிறது.

கடைசியாகப் போனபோது மெஷினை நிறுத்திவிட்டு வேலன் அனுப்பிய ஒரு படத்தைப் போனில் காட்டினார். கோஹிமாவில், கீழே ரோட்டிலிருந்து எடுத்தது. பச்சைப் புல், ஒரு வரிசைத் தகடு, அதன் முன்னால் டி-சர்ட்டில் பாயின் முதுகு.

"இந்த வரிசை பூரா பட்டாளத்துல இருந்த நம்ம முஸ்லிம் ஆளுங்க. தகட்டுல மேல அரபில ஒரு வரி இருந்துது. அவங்க எங்கெங்கயோ பொறந்தவங்க, சொந்தபந்தம் எவன் அவ்வளவு தூரம் வந்து ஓதப்போறான்? சரி, நாம வந்துட்டம்னு ஒவ்வொருத்தர் பேராப் படிச்சு, ஒவ்வொருத்தருக்கும் ஒரு பாத்திஹா ஓதிட்டு வந்தனுங்க. வேலன் கீழருந்து ஹாரன் அடிச்சுக் கத்தினான், வண்டிய எடுக்கச் சொல்றாங்க போலீஸுன்னு. போலீஸுன்னு காதுல விழுந்ததும் எறங்கி ஓடியாந்துட்டேன். ஆறு பேரு மிச்சம்."

"இங்கிருந்தே ஓதலாமே பாய்."

"ஓதினேனுங்க. பள்ளிவாசல்ல ஹஜ்ரத்தைக் கேட்டேன், சேரும்னாரு. சேருமுங்க, அதுல சந்தேகமில்ல. ஆனா அந்த வரிசைல மத்தவங்களுக்கெல்லாம் பேரு சொல்லி ஓதினனுங்க. இந்த ஆறு பேரோட பேர நான் படிக்கவே இல்லையே." படத்தை விரலால் பெரிதாக்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "படத்துல அவங்க சரியா எனக்குப் பின்னால இருக்கறாங்க. என்ற முதுகு மறைச்சுப்போட்டுது."

"அடுத்த வருஷம் ஒரு நடை போயிட்டு வந்துடுங்க."

பாய் கதவைப் பார்த்தார். அது சாத்தித்தான் இருந்தது.

"அவ்வளவு செக்போஸ்ட்டு இருக்குதுங்க," என்றார். "இப்ப ஆதார் காப்பி வேற குடுத்திருக்கறேன்."

போனை அணைத்துச் சட்டைப் பையில் ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்தார். ஆறு பேர் பாக்கி.